காத்திருக்கும் மணிக்குப் பேர் உண்டா?

மனிதன் உழைப்பை அளப்பதற்கு உலகில் வழங்கிவரும் அளவைகள் பல. எடை ஓர் அளவை. எண்ணிக்கை ஓர் அளவை. நாள் ஓர் அளவை. மாதம் ஓர் அளவை. பால்மரம் வெட்டியவர்க்குப் பாலின் எடை. செம்பனைக் குலை அறுப்பவர்க்குக் குலையின் கணக்கு. களை எடுப்பவர்க்கு நாள். ஆபீசில் இருப்பவர்க்கு மாதம். இவற்றுள் எது நியாயமானது என்பதைப் பற்றி நம் மக்கள் இந்நாட்டில் நூறாண்டுக்கு மேலாக வாதாடி வந்திருக்கின்றனர். ஆனால், சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தோன்றி, நம் இளைஞர்களை வேகமாகத் தன்பால் ஈர்த்துவரும் ஒரு தொழிலில் இவ்வளவைகளுள் ஒன்றும் சரிவரப் பொருந்தவில்லை. அத்தொழிலாவது, கைப்பேசியின் வழியாக அழைப்பவரை ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டித் தொழில். இ-ஹெய்லிங் என்று ஊரார் வழங்குவது. அதைப் பற்றிச் சொல்ல நமக்கென்ன தகுதி எனின், பகலில் தோட்டத்துக் கிராணியாக இருக்கும் நாம், மாலையில் அவ்வண்டியை ஓட்டுகிறோம்.

நம்மைக் குறித்து இரண்டொரு வார்த்தை கூறிவிடுதல் நலம். காப்பார்ப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நமக்கு வேலை. வயது முப்பத்தைந்து. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கிய 2003-ஆம் ஆண்டில் இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்தவர் நாம். ஆகவே, கணக்கை ஆங்கிலத்திற் போட்டு விடையைத் தமிழிற் சொல்லும் வழக்கம் இன்றும் நம்மை விடவில்லை. நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்தாருடையது. வேலை உள்ளவரையில் அது நமது. வேலை முடியும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிற்காலத்தில் தலை சாய்ப்பதற்குத் தாமானில் ஒரு சிறு வீடு வேண்டும். அதற்கு முன்பணம் வேண்டும். மாதச் சம்பளமோ மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது. மிச்சம் பிடிக்க வேறு வழியில்லாமையால் வண்டியோட்ட வந்தோம்.

வந்தது முதல், தோட்டத்து இளைஞர் ஆயினும் சரி, பட்டணத்து நண்பர் ஆயினும் சரி, நம்மைக் கண்டவுடன் கேட்கும் கேள்வி ஒன்றே: "மணிக்கு எவ்வளவு கிடைக்கும்?" கேள்வி சிறிது. ஆனால், அதற்கு நேர்மையான விடை சொல்லப் புகுந்தால், இத்தொழிலின் உள்ளும் புறமும் வெளிப்பட்டுவிடும். அவ்விடையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இத்தொழில் வந்த வழியைப் பார்ப்போம். 2012-ஆம் ஆண்டில் மைதெக்சி என்னும் பெயருடன் நம் நாட்டில் ஒரு நிறுவனம் தோன்றியது. அதுவே பின்னர்க் கிராப் என்று பெயர் பெற்றது. அமெரிக்காவிலிருந்து வந்த ஊபர், 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தை அந்நிறுவனத்திடம் விற்றுவிட்டு விலகிற்று. அதன் பின்னர் வேறு பல நிறுவனங்களும் உரிமம் பெற்று இதில் இறங்கியுள்ளன. நாம் எந்த நிறுவனத்துக்கு ஓட்டுகிறோம் என்பது இங்கு வேண்டுவதன்று. பெயர் வேறாயினும் முறை ஏறக்குறைய ஒன்றே.

சட்டமும் இதனைத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. 2017-இல் நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தியது. 2019 முதல் ஓட்டுநர்க்கெனத் தனி லைசென்சு கட்டாயமாயிற்று. ஆறு மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, மருத்துவச் சோதனை, குற்றப் பதிவு உண்டா இல்லையா என்னும் விசாரணை ஆகிய இவையெல்லாம் கடந்தே வண்டியில் ஒருவரை ஏற்றலாம். வண்டி மூன்று ஆண்டு கடந்ததாயின் ஆண்டுதோறும் வண்டிச் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காப்புறுதியும் சாதாரண வண்டிக்குரியது போதாது. பயணிகளை ஏற்றுவதற்குரிய பாதுகாப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவும் நேரமும் ஓட்டுநருடையவை. வண்டி ஓட்டுநருடையது, அதன் கடன் தவணை ஓட்டுநருடையது, டயர் தேய்வது ஓட்டுநருடையது. நிறுவனத்துக்கு உரியது செயலியும், கட்டணத்தைக் குறிக்கும் உரிமையும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பங்குமாம். அப்பங்கு நூற்றுக்கு இருபது வெள்ளிக்கு மேற்போகலாகாது என்பது அரசாங்கத்தின் வரம்பு.

இனி, கேள்விக்கு வருவோம். மணிக்கு எவ்வளவு?

செக்ரோல் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? வண்டியில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறோம். அதிலிருந்து ஒரு மாலையின் கணக்கை மட்டும் எடுத்துக்காட்டுகிறோம். அது மிக நல்ல மாலையுமன்று; மிகக் கெட்ட மாலையுமன்று. இரவு ஏழு மணிக்குச் செயலியைத் திறந்து பதினொரு மணிக்கு மூடினோம். ஆக நான்கு மணி நேரம். இதில் பயணி வண்டிக்குள் இருந்த நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். மீதி இரண்டு மணி பத்து நிமிடம், அழைப்புக்குக் காத்திருந்ததும், அழைத்தவரை ஏற்றுவதற்கு வெறும் வண்டியாய்ப் போனதும், அவர் இறங்கி வரும்வரை வாசலில் நின்றதுமாகக் கழிந்தது. கட்டணம் மொத்தம் 48 வெள்ளி. நிறுவனத்தின் பங்கு 9 வெள்ளி 60 காசு போக நமக்கு வந்தது 38 வெள்ளி 40 காசு. பெட்ரோலுக்கு 12 வெள்ளி. மிகுதி 26 வெள்ளி 40 காசு.

இப்பொழுது இரண்டு விடைகள் உண்டாகின்றன. பயணி ஏறியிருந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டணத்தை அதனால் வகுத்தால், மணிக்கு 26 வெள்ளிக்கு மேல் வருகிறது. விளம்பரப் பலகையில் எழுதத்தக்க தொகை! ஆனால், வீட்டை விட்டுச் சென்றிருந்த நான்கு மணி நேரத்தால், கைக்கு வந்த மிகுதியை வகுத்தால், மணிக்கு 6 வெள்ளி 60 காசு. அதிலும் டயருக்கும் எண்ணெய்க்கும் வண்டித் தவணைக்கும் இன்னும் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. இருபத்தாறு எங்கே, ஆறு எங்கே! இரண்டும் பொய்யல்ல. ஒரே மாலையின் ஒரே கணக்கு. இடையிலுள்ள வேறுபாட்டிற் செலவுக்குப் போனது ஒரு பாகம். பெரும் பாகம், காத்திருந்த நேரத்தைக் கணக்கிற் சேர்த்தோமா, விட்டோமா என்பதே.

காத்திருத்தல் என்றவுடன் நேயர்கள் ஓய்வென்று நினைத்தல் கூடும். வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுக் கண்ணயர்வதுதானே என்று கேட்டவரும் உண்டு. உண்மை அதுவன்று. கிள்ளான் கொமுட்டர் ரயில் நிலையத்தருகே நிற்போம். ரயில் வந்து, கூட்டம் வெளிப்பட்டு, அவரவர் வழியே கலைந்து போகும். கைப்பேசி வாய் திறவாது. இங்கில்லையாயின் தெங்கு கிளானா சாலையில் இருக்குமோ என்று அங்கே செல்வோம். பூமாலைக் கடைகளும் துணிக்கடைகளும் நெருங்கிய அச்சாலையில் வண்டி நிறுத்த இடம் ஏது? சுற்றிச் சுற்றி வருவோம்; பெட்ரோல் சுற்றிச் சுற்றித் தீரும். அழைப்பு வந்தால், ஏற்பதா விடுவதா என்று தீர்மானிக்கச் சில நொடிகளே உண்டு. ஆகவே, கண் கைப்பேசியை விட்டு அகலலாகாது. பசித்தால் உணவுக்கடைக்குள் நுழையலாம். உணவு வரும் வேளையில் அழைப்பும் வரும். சிறுநீர் கழிக்கப் போவதற்கும் இடம் பார்த்து, நேரம் பார்த்து, கைப்பேசியைக் கையிற் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மனம் கயிறு கட்டிய கன்றுபோல அவ்வளவு தூரமே போகும், பிறகு இழுபடும். இதனை ஓய்வென்று எவன் சொல்வான்? உழைப்பின் களைப்பு இதில் உண்டு. உழைத்தோம் என்னும் நிறைவு மட்டும் இல்லை.

இவ்வளவு காத்திருப்பு ஏன் உண்டாகிறது? மழை பெய்யவில்லை, மாதக் கடைசி, பள்ளி விடுமுறை என்று ஓட்டுநர்கள் காரணம் சொல்லிக்கொள்வர். அவை ஒருபுறம் இருக்க, அடிப்படைக் காரணம் வேறு. அழைத்த மூன்று நிமிடத்தில் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்பதே பயணியின் ஆசை. அவ்வாசையை நிறைவேற்றுவதனாலேயே நிறுவனம் வளர்கிறது. மூன்று நிமிடத்தில் வண்டி வர வேண்டுமாயின், ஒவ்வொரு முக்கிலும் ஒரு வண்டி வெறுமையாய் நிற்க வேண்டும். அவ்வாறு வெறுமையாய் நிற்கும் வண்டிக்கு நிறுவனம் காசு கொடுப்பதாயின், எத்தனை வண்டி நிற்கலாம் என்று எண்ணிப் பார்த்திருக்கும். கொடுப்பதில்லையாதலின் எண்ண வேண்டுவதில்லை. நூறு வண்டி நின்றாலும் ஒன்றே, இருநூறு நின்றாலும் ஒன்றே. புதிதாக ஓர் ஓட்டுநர் சேருந்தோறும் பயணிக்கு வசதி கூடுகிறது, நிறுவனத்துக்கு நட்டமில்லை, ஏற்கெனவே நிற்பவரின் காத்திருப்பு மட்டும் நீளுகிறது. விரைவைப் பயணி அனுபவிக்கிறார். அதன் விலையை ஓட்டுநர் தம் நேரத்தாற் செலுத்துகிறார்.

இது நமக்குப் புதிய பாடமா? அன்று. பழைய கங்காணி முறையை நினைவிற் கொள்க. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே தொடங்கி, அதன் பின் ஓங்கி நின்ற கங்காணி முறை, 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை நடந்தது. அம்முறையில், பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்கு இவ்வளவு காசு என்று கங்காணிக்குக் கிடைக்கும். ஆகவே, தலைகள் பெருகுவதே அவனுக்கு ஆதாயம். அத்தலைகளுக்குள் வயிறு நிறைந்ததா என்பது அவன் கணக்கில் வாராது. இன்றைய செயலியைக் கங்காணி என்று சொன்னால் மிகையாகும். அது பிரம்பு எடுப்பதில்லை; கடன் கொடுத்துக் கட்டிப்போடுவதில்லை; கூட்டிவந்த கப்பலுமில்லை. ஆயினும், தலைகளைப் பெருக்குவதில் ஆதாயமும், பெருகிய தலைகளைக் காப்பதிற் பொறுப்பின்மையும் ஒன்றாய்ச் சேரும் இடத்தில் தொழிலாளி நலிவான் என்னும் உண்மை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

நிற்க. இவ்வாறெல்லாம் நோட்டிற் கணக்கெழுதிக்கொண்டிருந்த நமக்கு, இதன் சாரத்தை ஒரு வாக்கியத்தில் விளக்கியவர் பள்ளியே காணாத ஒரு மூதாட்டியார்.

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியருகே ஒரு மழை மாலையில் நின்றுகொண்டிருந்தோம். அழைப்பு வந்தது. பேரன் எங்கிருந்தோ தன் கைப்பேசியில் வண்டி பிடித்துக் கொடுக்க, மருந்துப் பையோடு தூணோரம் காத்திருந்தவர், நம் தோட்டத்தில் பல ஆண்டு உதிரிப் பழம் பொறுக்கி, ஓய்வு பெற்றுத் தாமானுக்குக் குடிபோனவர். கதவைத் திறந்தவர் நம் முகத்தைக் கண்டு பின்வாங்கினார்.

"ஐயோ, கிராணி ஐயாவா! நீங்க காடி ஓட்ட, நான் பின்னால ஒக்காந்து வர்றதா? நான் வேற காடி பாத்துக்கிறேன் ஐயா."

"ஏறுங்க பாட்டி, மழை நனைக்குது. இங்க கிராணி யாரும் இல்ல. டிரைவர்தான்."

ஏறினார். ஆனாலும் இருக்கையின் விளிம்பிலேயே அமர்ந்திருந்தார். சிறிது தூரம் போனபின் கேட்டார்: "ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்தீங்களா ஐயா?"

"முக்கால் மணி நேரம் இருக்கும் பாட்டி."

"அந்த நேரத்துக்குப் பேர் உண்டா?"

பட்டணத்து நேயர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் உழைப்பு. பெரட்டில் நின்று, வேலைக்கு இறங்கியவரின் பெயருக்கு நேரே செக்ரோலில் அடையாளம் இடுவதே பேர் போடுதல். மழை வந்து வேலை நின்றுபோனால், கொட்டகையில் ஒதுங்கி நின்றவருக்குப் பேர் உண்டா இல்லையா, முழுப் பேரா அரைப் பேரா என்பது தோட்டங்களில் ஓயாத வழக்கு.

"இல்ல பாட்டி. நீங்க ஏறின பிறகுதான் கணக்கு" என்றோம்.

அவர் சற்றே யோசித்தார். "அப்போ மழைக்கு நிக்கிற மாதிரிதான். எங்களுக்காவது சண்டை போட்டுக் கேக்க ஒரு கிராணி இருந்தாரு. உங்களுக்கு யாரு ஐயா பேர் போடுறது?"

நாம் விடை சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தாமான் வாசலில் இறங்கும்போது, அவர் நமக்குக் கும்பிடு போட்டார். நாமும் இறங்கிக் குடை பிடித்துக் கும்பிட்டோம்.

அவர் கேள்வி ஒருபுறம் இருக்க, முதலில் ஏறத் தயங்கினாரே, அத்தயக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1941-ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் பெருவேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டுமன்று, வேறும் பல இருந்தன. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். சங்கம் வைக்க உரிமை வேண்டும். துரைமாரும் தோட்ட உத்தியோகஸ்தர்களும் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் நீங்க வேண்டும். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, உயிர்களும் போயின. யார் முன்னே தொழிலாளி வண்டியை விட்டு இறங்கினானோ, அவ்வுத்தியோகஸ்தர் வரிசையில் கிராணியும் ஒருவன். அப்பெருமக்கள் உயிரைக் கொடுத்துக் கேட்ட மரியாதையின் பயன், எண்பது ஆண்டுக்குப் பின், கிராணி ஓட்டும் வண்டியில் தொழிலாளி அமர்ந்து வருவதாக முடிந்தது. இதிற் குறைவொன்றும் இல்லை. மகிழத்தக்க மாற்றம் என்றே நாம் கொள்கிறோம்.

ஆனால், நம்மவருட் சிலர் இதைக் கேட்டு முகஞ் சுளிக்கின்றனர். "படித்தவன், உத்தியோகம் பார்ப்பவன், டாக்சி ஓட்டுவதா?" என்று உறவினரே கேட்டதுண்டு. சாதியின் பெயரால் தொழிலை உயர்வு தாழ்வென்று பிரித்த பழக்கம் இன்று உத்தியோகத்தின் பெயரால் உயிரோடு உலாவுகிறது. ஸ்டீரிங் பிடித்த கையில் இழிவு ஒட்டிக்கொள்ளுமா? இழிவு ஒன்று உண்டாயின், அது உழைத்த மணிக்குக் கணக்கில்லாமல் இருப்பதுதான். அதைக் கண்டு வெட்க வேண்டியவர் ஓட்டுநர் அல்லர்.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். இத்தொழிலிற் சுதந்திரம் உண்டு என்பர். உண்டு, அதை அனுபவித்தவராகச் சொல்கிறோம். பகல் முழுவதும் ஒருவர் மணியடிக்க நடக்கும் நமக்கு, மாலையில் எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதை நாமே தீர்மானிப்பது பெரிய ஆறுதல். பிள்ளைக்குக் காய்ச்சலாயின் அன்று ஓட்ட வேண்டுவதில்லை. லீவு மனு எழுத வேண்டுவதில்லை. சைனர், மலாய்க்காரர், தமிழர், வெளிநாட்டார் என்று எல்லாரும் ஏறுகின்றனர். "பாஸ்" என்று அழைத்து இரண்டு வார்த்தை பேசுகின்றனர். தோட்டத்துக்குள் பத்தாண்டு இருந்தாலும் கிடைக்காத உலக ஞானம், நான்கு மாதத்தில் பின்னிருக்கையிலிருந்து கிடைத்தது. இவற்றை நாம் மறுக்கவில்லை.

ஆனால், சுதந்திரம் என்பது செயலியை மூடி வைத்திருக்கும்போது உள்ளது. திறந்தபின் உள்ளது வேலை. மூடியிருக்கும் நேரத்துக்கு யாரும் கூலி கேட்கவில்லை. திறந்து வைத்து, நிறுவனம் குறித்த பட்டணத்துள், அழைத்தவுடன் ஓடுவதற்குச் சித்தமாய் நிற்கும் நேரத்தைப் பற்றியதே வழக்கு. 'பங்காளி' என்று நம்மை அழைக்கின்றனர். பங்காளி எனில் கட்டணம் குறிப்பதிற் பங்குண்டா? இல்லை. எத்தனை வண்டி சேர்ப்பது என்பதிற் பங்குண்டா? இல்லை. நட்டத்தில் மட்டும் பங்கு கொடுப்பது என்ன பங்காளித்தனம்?

இவ்வழக்கை வேறு நாட்டார் எவ்வாறு தீர்த்தனர் என்று பார்ப்போம். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. அதனினும் முக்கியம், அவர்கள் செயலியைத் திறந்து, தமக்குரிய பட்டணத்துள், அழைப்பை ஏற்கத் தயாராயிருக்கும் நேரமும் வேலை நேரமே என்று கூறிற்று. நியூயார்க் நகரம் 2018-இல் வேறொரு வழி கண்டது. ஓட்டுநர் வெறுமையாய்க் கழிக்கும் நேரத்தையும் உட்படுத்தி, ஒவ்வொரு பயணத்துக்கும் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட்டது. வெறும் வண்டி பெருகினால் நிறுவனத்துக்கும் செலவு உறைக்கும்படி செய்தது. கலிபோர்னியாவிலோ, 2020-இல் நிறுவனங்களே பெரும்பணம் செலவிட்டு வாக்கெடுப்பில் வெற்றிகண்ட சட்டத்தின்படி, குறைந்தபட்ச வருமானம் உண்டு. ஆனால், அழைப்பை ஏற்றது முதல் பயணியை இறக்கும் வரையுள்ள நேரத்துக்கு மட்டுமே. ஆகவே, பாட்டியார் கேட்ட கேள்வி பெரிய நாடுகளிலும் கேட்கப்பட்ட கேள்வியே. ஓரிடத்தில் முழுப் பேர் போட்டனர். ஓரிடத்தில் போடாது விட்டனர்.

நம் பக்கத்திலும் விடியல் இல்லாமலில்லை. சிங்கப்பூரில் 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டம், இத்தொழிலாளர்க்குச் சேமநிதி, வேலைக்காய இழப்பீடு, தம் சார்பிற் பேச அமைப்பு ஆகியவற்றை வழங்குகிறது. நம் நாட்டில் 2017-இன் சட்டப்படி, சுயதொழில் புரியும் வாடகைக் கார் ஓட்டுநர்க்கும் இ-ஹெய்லிங் ஓட்டுநர்க்கும் சொக்சோ பாதுகாப்பு வந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. மேலவையும் அடுத்த மாதம் ஏற்றது. எழுத்து மூலமான ஒப்பந்தம், முறையிடுவதற்கு வழி, தீர்ப்பாயம், சமூகப் பாதுகாப்பு ஆகியவை அதன் உறுப்புகள். வரவேற்கிறோம். ஆனால், சட்டம் ஏட்டிற் பிறந்து நாட்டில் நடப்பதற்குக் கேட்பார் வேண்டும். சம்பளத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 45 மணி நேரம் என்று 2023 முதல் வரம்பு உண்டு. தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டும் இளைஞனுக்கு என்ன வரம்பு? 1941-இல் ஒழிக்கக் கேட்ட பன்னிரண்டு மணி நேரம், சுதந்திரம் என்னும் புதுச் சட்டை அணிந்து திரும்பி வரலாமா?

ஆகவே, இத்தொழிலில் இருக்கும், இறங்க நினைக்கும் சகோதரர்களுக்கு இரண்டொரு வார்த்தை. முதலாவது, வண்டிக்குக் கடன் வாங்குமுன் கணக்குப் போடுக. இரவில் நண்பன் காட்டும் வசூலைக் கண்டு மயங்காதீர். நீர் வீட்டை விட்ட நேரம் முதல் வீடு சேர்ந்த நேரம் வரை எண்ணி, பங்கும் பெட்ரோலும் தேய்மானமும் கழித்து, மிகுந்ததை வகுத்துப் பாரும். இரண்டாவது, ஒரு நோட்டு வைத்திரும். காத்திருந்த நிமிடத்தையும் அதில் எழுதும். பயணங்களின் கணக்கை நிறுவனம் வைத்திருக்கிறது. பயணங்களுக்கு இடையிலுள்ள வாழ்வின் கணக்கை நீர்தான் வைக்க வேண்டும். முறையீட்டுக்குப் போகும் நாளில், "மிகவும் கஷ்டம்" என்னும் பேச்சைவிட, ஆறு மாத நோட்டு உரக்கப் பேசும். மூன்றாவது, சங்கத்திற் சேருக. வண்டிக்குள் ஒவ்வொருவரும் தனியாக இருக்கிறோம். பெரட்டுக் களத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த காலத்தில் இருந்த பலம் இங்கில்லை. அப்பலத்தை நாமே தேடி உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பயணிகளாகிய நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழைத்துவிட்டு அலமாரியில் துணி தேடாதீர்கள். வாசலில் நிற்கும் ஐந்து நிமிடம் உங்களுக்கு ஐந்து நிமிடம்; ஓட்டுநருக்கோ ஏற்கெனவே பேர் இல்லாத ஒரு மணியோடு சேரும் ஐந்து நிமிடம். மலிவான கட்டணத்தைக் கண்டு மகிழும்போது, அம்மலிவின் ஒரு பங்கை யார் கொடுக்கிறார் என்பதையும் எண்ணுங்கள்.

"மணிக்கு எவ்வளவு?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு நாம் இப்பொழுது சொல்லும் விடை இதுதான்: "எந்த மணிக்கு? ஓடிய மணிக்கா, நின்ற மணிக்கா?" இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கும் நாளில் இத்தொழில் நல்ல தொழிலாகும். அதுவரையில், நமக்குப் பேர் போட வேறொரு கிராணி வருவாரென்று காத்திருப்பதும் பேரில்லாக் காத்திருப்பே. பென்சிலை எடுத்து நாமே எழுதத் தொடங்குவோமாக.